கைவிட்ட கோப்பையும் கைவிடாத சிரட்டையும்

2024 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள டென்னிஸ் புகழரங்கத்தில் விஜய் அமிர்தராஜ் சேர்க்கப்பட்டார். உடன் லியாண்டர் பயஸ். ஆசியாவிலிருந்து அந்த அரங்கில் இடம்பிடித்த முதல் ஆண் வீரர்கள் இவர்கள். சென்னையில் பிறந்த ஒருவர் அங்கே போய் நின்றதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அப்போது வெளிவந்த பாராட்டுக் கட்டுரைகளில் நான் படித்தவற்றில் எல்லாம் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்தது. 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்து, கையில் விழவிருந்த கோப்பையை மனிதகுல நீதிக்காகத் தியாகம் செய்தது இந்தியா என்கிற பத்தி. அந்த ஆண்டு தியாகத்துக்குப் பொன்விழா வேறு. எழுதியவர்களின் புல்லரிப்பு பத்தியின் இரண்டு பக்கமும் தெரிந்தது.

அதே 2024 பிப்ரவரியில் எங்கள் தருமபுரி மாவட்டத்தில், கடத்தூருக்குப் பக்கத்து மொரப்பூர் வட்டாரத்தில், ஒரு நிலத்துக்கு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் கொடுத்தார்கள். காணொளி வெளியே வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி இரண்டு பேர் கைதானார்கள். இரண்டு நாள் செய்தி. மூன்றாம் நாள் அவரவர் வேலை. ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விளையாட்டுப் பக்கத்து எழுத்தாளர் எவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1974-இன் முடிவு சரியான முடிவு. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. விஜய் அமிர்தராஜ் என்ற ஆட்டக்காரர் மீதும் எனக்குக் குறையில்லை. என் வழக்கு, அந்த முடிவைத் தங்கள் பூணூல் போல மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டு திரிகிற கூட்டத்தோடு.

நடந்தது என்னவென்று இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1974 மே மாதம் கல்கத்தாவின் சவுத் கிளப் புல்தரையில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றில் அதற்குமுன் அப்படியொரு நீளமான மோதல் இல்லை. விஜயும் அண்ணன் ஆனந்தும் இரட்டையர் ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அடுத்து பூனாவில் சோவியத் ஒன்றியம், 3-1. இறுதிப் போட்டிக்கு எதிரே வந்து நின்றது இத்தாலியை வென்ற தென்னாப்பிரிக்கா. ஆடமாட்டோம் என்றது இந்தியா. களத்தில் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளைத் தாண்டிப் போகாத கோப்பை அது. அதன்பின் 1987-இல் விஜயின் தலைமையில் இந்தியா மறுபடி இறுதிக்குப் போய், கோத்தன்பர்க்கில் ஸ்வீடனிடம் 5-0 என்று தோற்றது. இன்றுவரை அந்தக் கோப்பை நம்மிடம் வரவில்லை.

ஆக, இழப்பு உண்மையான இழப்புதான். அப்போது விஜய்க்கு வயது இருபது. 1973-இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதி வரை போனவர். அந்த அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரையே வீழ்த்தியவர். அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்று மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டென்னிசின் ஏ, பி, சி' என்று மேல்நாட்டார் சொன்ன காலம். அந்த வயதில் கைக்கெட்டிய உலகக் கோப்பையை ஓர் அரசின் முடிவுக்காக விடுவது சின்ன விஷயம் இல்லை. முடிவெடுத்தவர்கள் அரசும் டென்னிஸ் சங்கமும். விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். இந்த வேறுபாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த அரசு எது? அதே 1974 மே மாதத்தில் ரயில்வேத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலடைத்து நசுக்கிய இந்திரா காந்தியின் அரசு. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் விடுவித்து அனுப்பினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பருக்குத் தனி இருக்கை போட்டிருப்பது டெல்லியின் கண்ணுக்குத் தெரிந்தது. தஞ்சாவூரில் எரிந்த குடிசையின் சாம்பல் தெரியவில்லை. தொலைநோக்குப் பார்வை என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

சரி, ஆட்டக்காரரின் வாழ்க்கைக்கு வருவோம். விஜய் அமிர்தராஜின் கதையை நம் ஏடுகள் எப்படிச் சொல்கின்றன? நுரையீரல் நோயால் மருத்துவமனையே கதியென்று கிடந்த சிறுவன். விடாப்பிடியான தாய். மகனின் மூச்சு சீராகட்டும் என்று டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுக்கிறார். பையன் உலகத் தரவரிசையில் 18-ஆம் இடம் வரை வருகிறான். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடிக்கிறான் (1983-இல் வந்த 'ஆக்டோபஸி'யில் உளவாளியாக வருவார், பெயரும் விஜய்தான், பாவம், பாதியில் செத்துப்போவார்). ஐ.நா.வின் அமைதித் தூதராகிறான். உழைப்பு, உறுதி, தாயன்பு. முடிந்தது கதை.

பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கதையின் அடியில் ஒரு தரை இருக்கிறது, அதை எழுதமாட்டார்கள். தந்தை ரயில்வேயில் பணியாற்றியவர், தாய் மேகி அமிர்தராஜ் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். படிப்பு எழும்பூர் டான் போஸ்கோவிலும் லயோலா கல்லூரியிலும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஆடுகளம், மட்டை, பயிற்சியாளர். மூன்று மகன்களையும் ஆட வைக்கிற வசதி. மூன்று பேருமே விம்பிள்டனில் ஆடினார்கள். கடத்தூரிலும் நோயாளிப் பிள்ளைகள் உண்டு, விடாப்பிடியான தாய்மார்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்களின் விடாப்பிடியெல்லாம் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அமிர்தராஜ் குடும்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் இராமநாதன் கிருஷ்ணன். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அப்பா டி.கே. இராமநாதன், அவரே ஆட்டக்காரர். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். பிறகு 1986-இல் விம்பிள்டன் காலிறுதி. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை. விஜயின் மகன் பிரகாஷும் டேவிஸ் கோப்பை ஆடியவர். பயஸின் அப்பா ஒலிம்பிக் ஹாக்கி வீரர், அம்மா கூடைப்பந்து வீராங்கனை. ஒருவரின் ஆட்டத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கிருஷ்ணனின் மெல்லிய கைத்தொடுதலைப் பழைய படச்சுருளில் பார்த்து நானே வாய்பிளந்திருக்கிறேன். ஆனால் இதே மனிதர்களின் பெயரைச் சொல்லித்தான் நம்மிடம் வந்து, "விளையாட்டில் இடஒதுக்கீடு கிடையாது பார், அதனால்தான் தகுதி ஜெயிக்கிறது" என்கிறார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தால் அது தகுதி. அரசாணை வழியாக வந்தால் அது சலுகை. டென்னிஸ் மட்டை பரம்பரைச் சொத்தாக வருகிற நாட்டில் தகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசலாம்.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே ஒரு தீட்டு விதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1968 வரை விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் 'அமெச்சூர்'கள் மட்டுமே ஆடலாம். ஆட்டத்தால் பிழைப்பவனுக்கு இடமில்லை. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் இதை இன்னும் பச்சையாகவே எழுதி வைத்திருந்தார்கள்: கைவினைஞனோ கூலியோ ஆனவன் போட்டியிடக் கூடாது. உழைத்துப் பிழைக்கிறவனின் உடம்பு ஆட்டத்தை அசுத்தப்படுத்திவிடும் என்கிற எண்ணத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? மனுவுக்கும் விக்டோரியா மகாராணியின் கனவான்களுக்கும் இந்த இடத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கிருஷ்ணனிடம் ஜாக் கிரேமர் தொழில்முறை ஒப்பந்தத்தை நீட்டினார், கிருஷ்ணன் வேண்டாமென்றார். அதை இன்றும் பெருந்தன்மையாக எழுதுகிறார்கள். பெரும்பணத்தை வேண்டாமென்று சொல்ல முடிகிறவர்களின் விளையாட்டாக அது இருந்தது என்றுதான் எனக்குப் படிக்கத் தோன்றுகிறது. 1970-இல் தொழில்முறைக்கு வந்த விஜயின் தலைமுறைதான் இந்தியாவில் டென்னிசை வெளிப்படையாகச் சம்பளத் தொழிலாக்கியது. அந்த வகையில் அவர் ஒரு கதவைத் திறந்தவர். எந்தத் தெருவிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

நம் ஊர் கிளப்புகளில் 'மார்க்கர்' என்று ஒரு வேலை உண்டு. உறுப்பினர்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்து ஆடுவது, பழக்கிவிடுவது, தரையைச் சரிபார்ப்பது, வலை கட்டுவது. கூலி வாங்குகிறவர் என்பதால் பழைய விதிப்படி இவர் போட்டிகளில் ஆட முடியாது. நாள் முழுக்க மட்டை பிடித்தவருக்குப் போட்டியில் இடமில்லை, மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் ஐயாவுக்கு உண்டு. மார்க்கர்களுக்குக் கீழே பந்து பொறுக்கும் பையன்கள். என் முனைவர் பட்ட ஆய்வு விளையாட்டரங்குகளும் சாதியும் பற்றியது. அதற்காக ஓய்வுபெற்ற மார்க்கர் ஒருவரிடம் பல நாள் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் பந்து பொறுக்கப் போனவர், கிளப் எதுவென்று எழுத வேண்டாம் என்றார். "எங்களக் கூப்பிடறதே 'டேய் பொறுக்கி'ன்னுதான் தம்பி. பந்து பொறுக்கறவன் பொறுக்கிதானேன்னு சிரிப்பாங்க. அந்த ஐயாமாரு புள்ளைங்களுக்கு மட்ட புடிக்கவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் மட்டும் கால் வச்சதில்ல" என்றார். முப்பத்தைந்து ஆண்டு வேலை. அவர் மகன் ஆடினானா என்று கேட்டேன். "அவன் எதுக்கு? அவனாச்சும் வெளிய போவட்டும்னு ஐ.டி.ஐ. சேத்து உட்டேன்" என்றார். ஆட்டக்காரர்கள் வீட்டில் பிள்ளைக்கு மட்டையைக் கொடுக்கிறார்கள். மார்க்கர் தன் பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தூரப் போடுகிறார். இருவருமே பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான்.

இன்னொன்று, டென்னிசுக்கு வெள்ளை உடுப்பு. விம்பிள்டனில் இன்றைக்கும் அது கட்டளை. வெள்ளையை வெள்ளையாக வைத்திருக்க ஒருவர் வெளுக்க வேண்டும் என்பதைப் புதிரை வண்ணார்கள் வாழ்கிற மாநிலத்தில் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்து, சிறைத்தண்டனை என்று சட்டம் இயற்றியது. நல்லது, நானும் வரவேற்கிறேன். வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. அதே வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டியதற்காகவும், அதே தோளில் துண்டு போட்டதற்காகவும், செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காகவும் எங்கள் தாத்தாக்கள் அடிவாங்கினார்கள். அப்போது தமிழர் மானம் எந்தக் கிளப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை.

கடத்தூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. வெற்றிலைக் கொடிக்கால், மரவள்ளி, கொஞ்சம் நெல். மழை பொய்த்தால் திருப்பூர், பெங்களூர், கேரளா என்று பஸ் ஏறிவிடுகிற சனம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும்தான் விளையாட்டு. டென்னிஸ் பந்து எங்களுக்குத் தெரியும். ஆனால் அது கிரிக்கெட் ஆட வாங்குகிற பந்து, கடையில் ஒன்று ஒன்றாக விற்பார்கள். அந்தப் பந்தை அடிக்க வேறொரு மட்டை உண்டு என்பது தொலைக்காட்சி வந்தபிறகு கண்ட அதிசயம். கபடிக்கு ஒன்றும் வேண்டாம், உடம்பும் ஒரு துண்டுத் தரையும் போதும் என்பார்கள். அந்தத் துண்டுத் தரைதான் சிக்கல். ஊர்ப் பொதுத்திடலில் காலனிப் பையன்கள் ஆடினால் தகராறு. அதனால் நாங்கள் ஏரி வற்றும் வரை காத்திருந்து ஏரிக்குள் ஆடினோம். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் ஊருக்கெல்லாம் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் ஆடுகளம் போச்சே என்று வருத்தம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாட்டுப்பொங்கலுக்குக் கிரிக்கெட் போட்டி வைப்பார்கள். எந்த ஊர் அணி எந்தச் சாதி என்பது பனியனின் நிறத்திலேயே தெரியும். காலனி அணியைச் சேர்க்காமல் இருக்க நுழைவுக் கட்டணம், கடைசித் தேதி, 'ஊர்ப் பெரியவர்கள் முடிவு' என்று ஆயிரம் நேர்த்தியான காரணங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் இப்படிக் காலனி அணியை விலக்கியபோது, ஊர் அணியின் முதல் பந்துவீச்சாளன், ஆதிக்கச் சாதிப் பையன்தான், "அவங்க ஆடலன்னா நானும் ஆடல" என்று வீட்டுக்குப் போய்விட்டான். பத்துப் பேரோடு ஆடி அந்த அணி தோற்றது. அவன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், பையன் இரண்டு மாதம் ஓசூரில் மாமன் வீட்டில் இருந்தான். 1974-ஐக் கொண்டாடுகிறவர்களே, நீங்கள் தேடுகிற ஆட்டக்காரன் இவன். இவனுக்குப் புகழரங்கம் கட்ட வேண்டாம். அவன் திரும்பி வரும்போது அடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

இதே மாவட்டத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரித்து நொறுக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்துக்காக. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாள ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். நிறவெறி ஆட்சியில் வெள்ளையரும் மற்றவரும் மணம் புரிவதைத் தடைசெய்ய 1949-இல் தென்னாப்பிரிக்கா ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே சட்டம் தேவைப்படவில்லை. சட்டம் அனுமதிக்கிறது, ஊர் தீ வைக்கிறது.

இந்த ஒப்பீட்டைச் செய்தவுடனே ஒரு பதில் ஓடி வரும்: "சாதி வேறு, இனம் வேறு. உள்நாட்டு விவகாரத்தை உலக அரங்குக்குக் கொண்டுபோகாதே." இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைச் சொன்னால் 1974-இன் மினுமினுப்பு கொஞ்சம் மங்கும்.

எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. 1965-இல் நிறைவேற்றியது. அதன் முதல் பிரிவில் நிறம், இனம் ஆகியவற்றோடு 'வமிசாவழி' என்ற பொருளுள்ள ஒரு சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்த நாடு இந்தியாதான். 1968-இல் இந்தியா உடன்படிக்கையை ஏற்று உறுதி கொடுத்தது. 1996-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, 'வமிசாவழி' என்றால் சாதியும் அதில் அடக்கம் என்று சொன்னபோது, இல்லவே இல்லை என்று மறுத்த நாடும் இந்தியாதான். தானே நட்ட செடியைத் தானே பிடுங்குகிற வித்தை.

பிறகு 2001. அந்த ஆண்டு பிப்ரவரியில் விஜய் அமிர்தராஜை ஐ.நா. அமைதித் தூதராகக் கோஃபி அன்னான் நியமித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அதே ஐ.நா. இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூட்டியது. நிறவெறி வீழ்ந்து, மண்டேலா ஆண்டு ஓய்ந்த பிறகான தென்னாப்பிரிக்கா. எந்த நாட்டோடு ஆடமாட்டோம் என்றோமோ அந்த நாடு விடுதலை பெற்று உலகத்தையே வீட்டுக்கு அழைத்தது. இந்தியாவிலிருந்து தலித் இயக்கத்தவர் பெரும் எண்ணிக்கையில் போனார்கள், சாதியையும் பட்டியலில் சேருங்கள் என்று முழங்கினார்கள். இந்திய அரசு தன் முழு இராஜதந்திர பலத்தையும் செலவழித்து, தொழில், வமிசாவழி அடிப்படையிலான பாகுபாடு பற்றிய பத்தி இறுதி அறிக்கையில் வராமல் பார்த்துக்கொண்டது. விஜய் அமிர்தராஜ் அப்போது எழுந்து பேசியிருக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அமைதித் தூதர்கள் எதற்காக நியமிக்கப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 1974-இல் எந்த அரசின் மனசாட்சியைக் கொண்டாடுகிறோமோ, அந்த அரசின் மனசாட்சி டர்பனில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என்பது அவருடைய வாழ்க்கைக் கதையை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பா.ஜ.க. ஆட்சி என்பதால் அப்படி என்று தப்பிக்க முடியாது. 2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு நிகராகச் சொல்லக்கூடியது தென்னாப்பிரிக்க நிறவெறி ஒன்றுதான் என்ற பொருளில் பேசினார். கைதட்டினோம். இரண்டு மாதம் கழித்து, 2007 பிப்ரவரியில் ஜெனிவாவில் அவருடைய அரசின் குழுவே சாதிப் பாகுபாடு இனப் பாகுபாடாகாது என்று பழைய பாட்டைப் பாடியது. டெல்லி மேடைக்கு ஒரு நாக்கு, ஜெனிவா மேசைக்கு வேறு நாக்கு.

கறுப்பின டென்னிசின் கதையை எடுத்துப் பாருங்கள். ஆர்தர் ஆஷ் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய பூங்காவில், அந்தப் பூங்காவைப் பராமரித்தவரின் மகனாக வளர்ந்தவர். நம் மொழியில் சொன்னால் மைதானக் காவலாளியின் பிள்ளை. வெள்ளையர் ஆடுகளத்தில் அவருக்கு அனுமதியில்லை. அவர் 1975-இல் விம்பிள்டனை வென்றார். தென்னாப்பிரிக்கா இரண்டு முறை விசா மறுத்தது. 1973-இல் கொடுத்தபோது, பார்வையாளர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார். புறக்கணிப்புதான் வழி என்று பின்னாளில் உறுதிப்பட்டு, 1985-இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கைதானார். அவருக்கு முன்னால் ஆல்தியா கிப்சன். பருத்தி வயல் குடும்பத்தில் பிறந்து 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் வென்றவர். கறுப்பர்கள் தங்களுக்கென்று 1916-லேயே தனி டென்னிஸ் சங்கம் கட்டியதால்தான் கிப்சனுக்கு ஆட ஒரு தரை கிடைத்தது. அங்கே ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்தே வந்த ஆட்டக்காரர், தம் வாயால் தம் மக்களைப் பற்றிப் பேசினார். இங்கே 'நிறவெறிக்கு எதிராக நின்றது இந்திய டென்னிஸ்' என்ற வாக்கியத்தில் நமக்கு எழுவாயாகவும் இடமில்லை, செயப்படுபொருளாகவும் இடமில்லை.

"விஜய் கிறித்தவர், அவரைப் போய்ச் சாதிக்குள் இழுக்கிறாயே" என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அவருடைய சாதி எதுவென்று நான் கேட்கவும் இல்லை, எனக்கு வேண்டவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கல்லறைக்கும் சாதிச் சுவர் உண்டு என்பதால் மதத்தைக் காட்டி இந்தப் பேச்சை மூடவும் முடியாது. அவரும் தாயும் 1985-இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டம் பல பையன்களுக்குக் கட்டணமில்லாமல் ஆட்டம் கற்றுக்கொடுத்தது, பயஸ் அங்கே வளர்ந்தவர். அது நல்ல காரியம். 2022 முதல் அவர் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவர். அந்த ஆண்டு செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் போட்டி அரசுப் பணத்தோடு நடந்தது. அரசுப் பணம் என்றால் எங்கள் பணமும்தான். மொரப்பூரில் சிரட்டையில் தேநீர் குடித்த பெண் தீப்பெட்டி வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. எனவே கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். சங்கத்தின் பயிற்சித் திட்டங்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர்? மாவட்டம் வாரியாகக் கணக்கை வெளியிடட்டும். அரசு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கிளப்புகளில் உறுப்பினர் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அரசு சொல்லட்டும். மார்க்கர்களுக்கு ஓய்வூதியம் உண்டா என்றும் சேர்த்துச் சொல்லட்டும். ஒரு டப்பா பந்தின் விலைக்கு இரண்டு வேளைச் சோறு தின்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு மட்டை, பந்து, பயணச்செலவு மூன்றையும் கொடுக்காமல் 'திறமை எங்கிருந்தாலும் தேடிப் பிடிப்போம்' என்று பேசுவது வெறும் விளம்பரம்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அரசியலைக் கலந்ததைத்தான் ஐம்பது ஆண்டுகளாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஜய் அமிர்தராஜ் பற்றி நீங்கள் மறுபடி எழுதுவீர்கள். 1974 பற்றிய பத்தியும் மறுபடி வரும், வரட்டும். அதன் கடைசியில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 1965-இல் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியா, 2001-இல் டர்பனில் அதைப் பேசவிடாமல் செய்ததும் இந்தியா. இடம் போதவில்லை என்று ஆசிரியர் சொன்னால் ஜேம்ஸ் பாண்டை எடுத்துவிடுங்கள்.